மாடிப் பெட்டியா, மிதவைப் பெட்டியா? இளநண்டு ஓடு கழற்றும் நேரத்தை வைத்து ஒரு மதிப்பீடு

நண்டுப் பெட்டி விற்கிறவர்கள் போடும் படங்கள் எல்லாமே பட்டப்பகலில் எடுத்தவை. சுவர் முழுக்க அடுக்கிய பெட்டிகள், கண்ணாடி போன்ற தண்ணீர், ஒவ்வொன்றிலும் சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஒரு சேற்று நண்டு. ஆனால் அந்தப் பெட்டி தன் விலைக்கான வேலையைச் செய்ய வேண்டிய நேரம் பகல் இல்லை, நள்ளிரவு. இளநண்டுகள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் ஓடு கழற்றுகின்றன. எனவே இங்கே இரண்டு வகைப் பெட்டிகளையும் ஒரே அளவுகோலால்தான் அளந்திருக்கிறோம்: நள்ளிரவு ஒரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் டார்ச்சோடு வரும் ஓர் ஆளுக்கு இந்தப் பெட்டி உதவுகிறதா, உபத்திரவமா?

முதலில் பொருள் எது என்று சொல்லிவிடலாம். மாடிப் பெட்டி என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பிளாஸ்டிக் அறை. மேலே ஒரு சிறு வால்வு வழியாகத் தண்ணீர் விழும். அடியில் நிற்கும் குழாய் வழியாகக் கழிவோடு வெளியேறி, வடிகட்டிக்குப் போய், மீண்டும் மேலே ஏறும். கொட்டகைக்குள், கடலிலிருந்து தள்ளியும் வைக்கலாம். மிதவைப் பெட்டி என்பது நாலு பக்கமும் துளையிட்ட கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. பிவிசி குழாய் மிதவைகளுக்கு நடுவே வரிசையாகச் செருகி, உவர்நீர்க் குளத்தில் பாதிக்குமேல் முங்கும்படி மிதக்கவிடுவார்கள். ஓடு கழற்றியதும், புதிய ஓடு இறுகும் முன் எடுத்து விற்பதுதான் மென் ஓட்டு நண்டு. தாய்லாந்து, மியான்மர், வியட்நாமில் அந்தத் தொழில் வளர்ந்தது இந்தக் கறுப்புப் பெட்டியின் முதுகில்தான். இரண்டிலும் விதி ஒன்றே: பெட்டிக்கு ஒரு நண்டு. இரண்டு போட்டால் முதலில் ஓடு கழற்றுவது மற்றதற்குச் சாப்பாடு.

ஏன் இரவு? நண்டின் கண்காம்புக்குள் இருக்கும் ஒரு சுரப்பி, ஓடு கழற்றாதே என்று தடுக்கும் இயக்குநீரைச் சுரந்துகொண்டே இருக்கும். அது குறைந்தால்தான் தலைப்பகுதியில் உள்ள இன்னொரு சுரப்பி, ஓடு கழற்றவைக்கும் இயக்குநீரான எக்டைசோனை வெளியிட, பழைய ஓட்டுக்கு அடியில் புதிய ஓடு உருவாகும். எந்த வாரம், எந்த நாள் என்பதை இந்தக் கணக்குத் தீர்மானிக்கிறது. அந்த நாளுக்குள் எந்த மணி என்பதில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓடு கழற்றிய நண்டுக்கு வாயில் பலமில்லை, கொடுக்கில் பலமில்லை, ஓடவும் முடியாது. பார்வையால் வேட்டையாடும் மீனும் பறவையும் அடங்கிய இருட்டே அதற்குப் பாதுகாப்பு. கழிமுகத்தில் பழகிய இந்த வழக்கத்தை அலையே இல்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் வந்தும் அது விடுவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம் கழற்றும் என்பது வளர்ப்பவர்களிடையே பரவலான நம்பிக்கை. அந்த நாட்களில் கூடுதலாக ஓர் ஆளை வைப்பதில் நட்டமில்லை. ஆனால் மற்ற இரவுகளில் தூங்கிவிடலாம் என்று அதற்குப் பொருள் கொண்டால் நட்டம்தான். பகலில் கழற்றும் நண்டுகளும் உண்டு. அதனால் பெட்டிகளைப் பார்த்துவரும் பகல் சுற்றை நிறுத்த வேண்டாம். இரவுச் சுற்றை நெருக்கமாக்க வேண்டும்.

இப்போது கணக்கு. ஆயிரம் பெட்டி, 60 முதல் 100 கிராம் இளநண்டுகள். மாதம் ஒரு முறை ஓடு கழற்றும் என்று வைத்துக்கொண்டால் நாளுக்குச் சராசரி முப்பத்து மூன்று. வெளியே வந்ததும் உடம்பு களிமண் உருண்டை போல இருக்கும். தண்ணீரை உறிஞ்சி உப்பி, புதிய அளவுக்கு விரிந்து, அதன்பின் இறுகத் தொடங்கும். உவர்நீரிலேயே விட்டுவைத்தால், தண்ணீர் 29 டிகிரியில் இருக்கும்போது, மூன்று நான்கு மணி நேரத்துக்குமேல் அது முதல்தர மென் ஓடு இல்லை. தொட்டால் காகிதம் போலச் சரசரக்கும். மறுநாள் காலையில் கண்டெடுத்தால் அது மென் ஓட்டு நண்டும் இல்லை, சதை நிறைந்த நண்டும் இல்லை; சந்தையில் யாரும் சீந்தாத தண்ணி நண்டு. ஆக நான்கு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்பது உச்சவரம்பு. இரவு எட்டு முதல் விடியும் வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு சுற்று நல்லது.

ஒரு பெட்டியைப் பார்க்க மூன்று விநாடி ஆனால் ஆயிரம் பெட்டிக்கு ஐம்பது நிமிடம். பத்து விநாடி ஆனால் இரண்டே முக்கால் மணி நேரம். அதாவது ஒரு சுற்று முடிந்த கையோடு அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிடும். பெட்டிகளுக்கு இடையே உள்ள முக்கியமான வேறுபாடு இந்த ஏழு விநாடிதான். விற்பவரின் விளம்பரத்தில் இந்த எண் ஒருபோதும் இருக்காது.

மிதவைப் பெட்டி இதில் தெளிவாக ஜெயிக்கிறது. நடைபாலத்தில் நின்றபடி வரிசையைக் கயிற்றால் இழுத்தால், மூடியின் இடைவெளி வழியே மேலிருந்தே உள்ளே தெரியும். தேட வேண்டிய அடையாளமும் எளிது: ஒரு நண்டு விட்ட பெட்டியில் இரண்டு நண்டு இருக்கிறதா? ஒன்று கழற்றிப்போட்ட கூடு, இன்னொன்று நண்டு. கழற்றிய கூடு கண், செவுள், இரைப்பையின் உள்பூச்சு வரை முழு உருவமாக இருக்கும். புதிதாக வருபவர்கள் கூட்டை எடுத்துக்கொண்டு நண்டை விட்டுவிடுவது உண்டு. சிரிக்க வேண்டாம், இருட்டில் அப்படித்தான் நடக்கும்.

மாடிப் பெட்டியில் பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு அதிகம். முன்பக்கம் தெளிவான கதவு வைத்தது வாங்கினால் மூன்று நான்கு விநாடியில் பார்த்துவிடலாம், முதல் இரண்டு மாதத்துக்கு. அதன்பின் பாசியும் கழிவுப் படலமும் ஏறி மங்கும். கதவைக் கழற்றித் துடைக்க வசதி இல்லாத வகையில் அந்தத் தெளிவு திரும்பவே வராது. வாங்கும்போது கதவைக் கையில் வாங்கி நாலு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். நனைந்த கையுறையோடு ஒற்றைக் கையால் முடியவில்லை என்றால் அதை வைத்துவிடலாம். இழுத்துப் பார்க்கும் டிராயர் வகை இன்னும் மோசம்: ஒவ்வொரு இழுப்பிலும் தண்ணீர் அலைந்து, பாதி கழற்றிய நிலையில் இருக்கும் நண்டைக் கலக்கும். அந்த நிலையில் அசைக்கப்பட்ட நண்டு கொடுக்கை இழக்கலாம், உயிரையே விடலாம். உயரமும் கணக்கில் வரும். விற்பவர் எட்டு அடுக்கு, பத்து அடுக்கு என்பார். கண்மட்டத்துக்கு மேல் உள்ள அடுக்குகளுக்கு ஏணி வேண்டும். ஏணி ஏறும் ஆள் அந்த வரிசைகளை இரவில் அரைமனதாகத்தான் பார்ப்பார். ஆறு அடுக்கோடு நிறுத்துங்கள்.

எல்லாப் பெட்டியையும் ஒரே கவனத்தோடு பார்க்கத் தேவையில்லை என்பதுதான் கைதேர்ந்தவர்களின் சூட்சுமம். ஓடு கழற்றப் போகும் நண்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கடைசி ஜோடிக் காலான துடுப்பின் ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பழைய விளிம்புக்கு உட்புறம் இரண்டாவது கோடு ஒன்று தெரியும்; அது உள்ளே தயாராகும் புதிய ஓட்டின் விளிம்பு. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நீல நண்டுக்காரர்கள் இந்தக் கோட்டின் நிறத்தைப் பார்த்தே தொட்டி பிரிப்பார்கள்: வெள்ளை என்றால் ஏறத்தாழ இரண்டு வாரம், இளஞ்சிவப்பு என்றால் ஒரு வாரத்துக்குள், சிவப்பு என்றால் ஒன்று முதல் மூன்று நாள். சேற்று நண்டில் நிறம் அவ்வளவு பளிச்சென்று பேசாது. இரட்டைக் கோட்டையும், இரை தொடாமல் விடுவதையும், ஓடு மங்கிப் பழுப்பேறுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பு இழந்த காலின் இடத்தில் மொட்டு பருத்து நிறம் ஏறியிருந்தாலும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். கடைசி நாளில் முதுகு ஓட்டுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இடையே பின்பக்கம் பிளவு தெரியும். அந்த வழியாகத்தான் நண்டு பின்னோக்கி வெளியேறும்.

வாரம் ஒரு முறை பகலில் எல்லாவற்றையும் பார்த்து, நாள் நெருங்கியவற்றின் பெட்டிக்கு ஒரு சிவப்புக் கிளிப் மாட்டிவிட்டால், இரவுச் சுற்றில் கவனமாகப் பார்க்க வேண்டியது இருநூறு முந்நூறுதான். இங்கே மாடிப் பெட்டிக்கு ஒரு புள்ளி கூடுகிறது. பெட்டி இடம் மாறாது. எண் ஒட்டலாம், கிளிப் நிற்கும், பதிவேடு எழுதலாம். மிதவை வரிசையில் ஒரு பெட்டியை எடுத்து வேறிடத்தில் செருகிவிட்டால் பதிவு முழுக்கக் குழம்பிப்போகும்.

அடுத்து மூச்சு. ஓடு கழற்றும்போது நண்டுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். அதே நேரம் செவுளின் மேல்தோலும் கழன்றுகொண்டிருப்பதால் மூச்சு திணறும். குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன். நண்டு தேர்ந்தெடுக்கும் இரவும், குளம் நண்டைக் கைவிடும் இரவும் ஒன்றாகவே வருகின்றன. மிதவைப் பெட்டியின் பெரிய பலவீனம் இதுதான். துளைகளில் பாசியும் கொட்டலசும் படிந்து அடைத்துவிட்டால், குளத்தில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் இருந்தாலும் பெட்டிக்குள் அதைவிடக் குறைவுதான். மாதம் ஒரு முறையாவது பெட்டியை வெயிலில் காயவைத்துத் தேய்க்க வேண்டும். அதற்காகப் பத்தில் ஒரு பங்கு உதிரிப் பெட்டி சேர்த்தே வாங்குங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை தண்ணீரில் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரம் ஓட வேண்டும். பாதி வெளியே வந்து இறந்த நண்டுகள் விடியற்காலையில் கூட்டமாகக் கிடைத்தால் தீவனத்தைத் திட்டும் முன் அதிகாலை நான்கு மணி ஆக்சிஜனை அளந்து பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை மிதவைப் பெட்டிக்கு இரண்டாவது சோதனை. அடைமழைக்குப்பின் நன்னீர் லேசாக இருப்பதால் மேலே தங்கும், உவர்நீர் அடியில் நிற்கும். பெட்டி மிதப்பதோ அந்த மேல் அடுக்கில். குளத்தின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 18 என்று அடிநீரை எடுத்து அளந்தவர் நிம்மதியாக இருப்பார். பெட்டிக்குள் 6 இருக்கும். சேற்று நண்டு குறைந்த உப்பைத் தாங்கும், ஆனால் திடீர் மாற்றத்தை, அதுவும் ஓடு கழற்றும் அன்று தாங்காது. பெட்டி மட்டத்திலேயே மாதிரி எடுங்கள். மேல்நீரை வடிக்கும் பலகை வைத்த மதகு இல்லாத குளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மிதவைப் பெட்டியை நம்பவேண்டாம். பெட்டியில் குறை ஒன்றுமில்லை, இடம் சரியில்லை.

மாடிப் பெட்டிக்கு மழையும் துளை அடைப்பும் கவலையில்லை. அதன் கவலை வேறு. வடிகட்டியில் நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் நண்டை நிரப்பினால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறும். முதலில் சாவது ஓடு கழற்றுகிற நண்டுகள்தான். பெட்டி விற்பவர் தண்ணீர் ஓடிய மறுநாளே நண்டு விடலாம் என்றால் வேறு கடை பாருங்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் காரத்தன்மை நாள்தோறும் குறையும், கூடவே பிஎச் சரியும். வாரம் இரண்டு முறை காரத்தன்மையை அளந்து, லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் சமையல் சோடாவால் சரிசெய்ய வேண்டும். வடிகட்டித் தொட்டியில் சிப்பி ஓட்டுத் துண்டுகளைப் பையில் கட்டிப் போடுவது நல்ல காப்பு, ஆனால் அது மட்டும் போதாது. ஆவியாகும் நீருக்குப் பதிலாக நன்னீர் ஊற்றுங்கள். உவர்நீரே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பளத்து உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யலாம் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. அதில் சோடியம் குளோரைடு இருக்கும், நண்டுக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் பொட்டாசியமும் போதிய அளவு இருக்காது. கழற்றிய ஓடு கழற்றியதுதான். புதியது சரியாக இறுகாது. மென் ஓட்டு வியாபாரிக்கு அது லாபம் போலத் தோன்றலாம், ஆனால் அப்படிப்பட்ட தண்ணீரில் நண்டு அடுத்த முறை வரை வாழாது.

மின்சாரம் போனால்? பெட்டியில் தேங்கும் நாலைந்து அங்குலத் தண்ணீரில் சாதாரண நண்டு சமாளிக்கும். செவுள் ஈரமாக இருந்தால் காற்றிலேயே பல மணி நேரம் கிடக்கும் பிராணி அது. ஓடு கழற்றும் நண்டு சமாளிக்காது. ஜெனரேட்டர் தானாக எழும்பும் ஏற்பாடு இல்லாமல் மாடிப் பெட்டி வாங்குவது ஏலத்தில் எடுத்த சீட்டுப் பணத்தைச் சூதில் வைப்பது மாதிரி.

மாடிப் பெட்டியின் தண்ணீர் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையிலேயே பெட்டியில் தண்ணீர் விட்டு ஒரு சிட்டிகை தவிடு தூவிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியேற வேண்டும். மூலையில் சுழன்று தங்கினால் அங்கே நாளை மீன் துண்டு அழுகும்.

வெளிச்சத்தில் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். இரவு வேலை வசதிக்காகக் கொட்டகையில் விடியவிடிய டியூப்லைட் எரியவிட்டால் இரவும் பகலும் நண்டுக்குக் கலங்கிவிடும். ஓடு கழற்றல் இருபத்து நான்கு மணி நேரமும் சிதறும், உங்கள் ஆட்களின் வேலை இரட்டிக்கும். மாலை ஆறரைக்கு அணைத்து, காலை ஆறுக்குப் போடும் டைமர் ஒன்று போதும். சுற்று வரும்போது சிவப்பு ஒளி டார்ச் பயன்படுத்துங்கள். நண்டின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சாதாரண டார்ச்சின் முகப்பில் சிவப்பு செலோபேன் ஒட்டினாலே வேலை நடக்கும். வெண்மையாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்த மாடிப் பெட்டியைவிட, பக்கம் மூன்றும் கறுப்பு, முன்புறம் மட்டும் தெளிவு என்று உள்ளதே உசிதம். மிதவைப் பெட்டி கறுப்பாக இருப்பதற்கும் வெயில், பாசி என்ற காரணங்களோடு இதுவும் சேரும்.

கண்டெடுத்த பிறகு என்ன செய்வது என்பது நோக்கத்தைப் பொறுத்தது. மென் ஓட்டுக்கு என்றால், உடம்பு முழுதாக உப்பிய பின், ஏறத்தாழ அரை மணியில், உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்கிக் காற்று விட்ட குளிர்ந்த நன்னீரில் இட வேண்டும்; இறுகுவது அங்கே நிற்கும். உப்பும் முன் எடுத்தால் எடை போச்சு, காலும் உதிரும். வளர்ப்புக்கு என்றால் தொடவே வேண்டாம். கூட்டையும் எடுக்காதீர்கள், அதைத் தின்று தன் கால்சியத்தில் ஒரு பங்கை மீட்டுக்கொள்ளும். முதல் நாள் இரை போடுவது வீண். அழுகித் தண்ணீரைத்தான் கெடுக்கும். மூன்றாம் நாள் மிச்சக் கூட்டை அகற்றி, உடல் எடையில் மூன்று முதல் ஐந்து சதவீதம் கழிவு மீனோ சிப்பிச் சதையோ மாலையில் போடலாம். கூட்டிலிருந்து வெளிவர முடியாமல் பாதியில் சாகும் நண்டுகள் ஆக்சிஜன் சரியாக இருந்தும் தொடர்ந்தால், இரையைப் பாருங்கள். நண்டுக்குத் தானாகக் கொலஸ்டிரால் செய்யத் தெரியாது. ஓடு கழற்றும் இயக்குநீர் அதிலிருந்துதான் உருவாகிறது. வெறும் கோழிக்குடல் போடுவதைவிட மீனும் இறால் தலையும் கலந்து போடுவது இதனால்தான்.

சீக்கிரம் ஓடு கழற்றவைக்கக் கொடுக்கையும் காலையும் ஒடித்துவிடும் பழக்கம் சில பண்ணைகளில் உண்டு. பல கால்களை இழந்த நண்டு ஓடு கழற்ற அவசரப்படும் என்பது உண்மை. ஆனால் முளைக்கும் கொடுக்கு சிறுத்துப் போகும், சாவும் கூடும். பெட்டி எதுவானாலும் இந்தக் குறுக்குவழிக்கு எங்கள் பரிந்துரை கிடையாது.

பொரிப்பகத்துக் குஞ்சுகளுக்கு இந்த இரண்டு பெட்டியுமே தோது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீர்காழி அருகே தொடுவாயில் எம்பெடாவின் (கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) கீழ் இயங்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் 2013-இல் சேற்று நண்டுப் பொரிப்பகம் தொடங்கியபின், கழிமுகத்தில் பிடித்த குஞ்சுகளை மட்டுமே நம்பும் நிலை மாறியது. ஆனால் முதல் நிலைக் குஞ்சு நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். மிதவைப் பெட்டியின் துளை வழியே நடந்தே போய்விடும். அந்தப் பருவத்தில் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை ஓடு கழற்றும், வளர வளர இடைவெளி நீளும். அவற்றைக் குளத்துக்குள் கட்டும் நுண்கண் வலைத்தொட்டியான ஹாப்பாவில், பழைய வலைத்துண்டுகளையும் பனை ஓலையையும் ஒளிவிடமாகத் தொங்கவிட்டு வளர்க்க வேண்டும். ஓரிரவில் ஒரே நேரத்தில் பல குஞ்சுகள் கழற்றுவதால் இரவுதான் ஒன்றையொன்று தின்னும் நேரம்; மாலை இரையை இருட்டும் முன் வயிறார வைப்பதும் ஒளிவிடமும்தான் தடுப்பு. அளவு பிரிக்காமல் விட்டால் வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை குறைந்து, ஒன்றிரண்டு மட்டும் கொழுத்து நிற்கும். பெட்டிக்கு மாற்றுவது உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும் அளவுக்கு, 50 கிராமுக்கு மேல் வந்த பிறகு.

யாருக்கு எது? உவர்நீர்க் குளமும் மதகும் இரவுக் காவலுக்கு ஆளும் உள்ளவர், ஆயிரம் பெட்டிக்கு மேல் போகிறவர் என்றால் மிதவைப் பெட்டி. ஒரு மாடிப் பெட்டியின் விலைக்குப் பல மிதவைப் பெட்டி வரும், தவிர பம்ப், வடிகட்டி, ஜெனரேட்டர் செலவும் இல்லை. குளம் இல்லாதவர், நூறு இருநூறு பெட்டியோடு உணவகங்களுக்கு நேரடியாகக் கொடுக்கிறவர், பதிவேடு எழுதச் சோம்பாதவர் மாடிப் பெட்டி வாங்கலாம்; ஆனால் பெட்டிக்கான பணத்தைப் போல அதே அளவு பணத்தைத் தண்ணீர் ஏற்பாட்டுக்கு ஒதுக்கிய பிறகு. கேமரா வைத்தால் ஆளே வேண்டாம் என்று இப்போது விற்கிறார்கள். கலங்கிய தண்ணீருக்குள் இருக்கும் நண்டு கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாங்கும் அன்றே மூடிக் கொக்கி, வால்வு, நிற்கும் குழாயின் ரப்பர் வளையம் மூன்றிலும் நூற்றுக்குப் பத்து உதிரி சேர்த்துக் கேளுங்கள். முதலில் உடைவது மூடிக் கொக்கிதான். அது உடைந்த பெட்டியில் நண்டு ஓடு கழற்றும் வரை காத்திருக்காது, வெளியே நடந்துவிடும்.